ஒரு கைகூட உயரவில்லையே, அதுதான் நேர்மை

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, அரங்கம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'அன்றாட வாழ்வில் நேர்மை பலமா, பாரமா?' இதுதான் தலைப்பு. பலமே என்று பேச வந்திருக்கிறேன். வரிசையாகச் சொல்ல நாலைந்து கருத்துகளை எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறாரே எதிரணி அண்ணன், அவர் ஒரு காரியம் செய்துவிட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் அந்தத் தாளைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

என்ன செய்தார்? மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் விளிம்புவரை வந்தார். "வீட்டுக்குள்ளே இருந்துக்கிட்டே போன்ல 'வந்துக்கிட்டே இருக்கேன்'னு சொல்லாத உத்தமர் யாராவது இங்கே இருந்தா, கையைத் தூக்குங்க பார்ப்போம்" என்றார். ஒரு கைகூட உயரவில்லை. அரங்கமே சிரித்தது. உடனே எங்கள் அணிப் பக்கம் திரும்பி, "அவ்வளவுதாங்க, நேர்மைக்கு இங்கே ஒரு ஓட்டுகூட இல்லை, நீங்க வீட்டுக்குக் கிளம்பலாம்" என்றார். இன்று மாலை கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். கை உயரவில்லை, சரி. ஏன் உயரவில்லை? அதை யோசித்தீர்களா?

ஒருவர் சும்மா தூக்கியிருந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? பக்கத்து நாற்காலிக்காரருக்கு அவரை முன்பின் தெரியாது. போனை வாங்கிச் சோதிக்கப் போவதும் இல்லை. பொய்யாக ஒரு கையைத் தூக்கியிருந்தால் 'அடடா, இப்படி ஒரு மனுஷரா' என்று நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இலவசமாகக் கிடைக்கிற பெருமை! ஆனாலும் இத்தனை நூறு பேரில் ஒருவர்கூடத் தூக்கவில்லை. அத்தனை பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, 'ஆமாம், நான் அப்படிச் சொன்னதுண்டு' என்று, முன்பின் தெரியாத கூட்டத்துக்கு நடுவே, உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டார்கள். இதற்கு என்ன பெயர்?

நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள். நேர்மை எங்கேயும் இல்லை என்று காட்ட அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு இந்த அரங்கம் முழுவதும் நேர்மையாகப் பதில் சொன்னது. எங்கள் அணிக்கு இதைவிடப் பெரிய சாட்சியை நாங்களே தேடியிருந்தாலும் பிடித்திருக்க முடியாது. இப்போது ஒருமுறை கைதட்டுங்கள். எனக்காக இல்லை, உங்களுக்காக.

நன்றி. அந்த 'வந்துக்கிட்டே இருக்கேன்' சமாசாரத்தை அண்ணன் லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அப்படி விடுவதாக இல்லை.

மணி ஏழு. நண்பர் ஒருவர் தெருமுனையில் காத்திருக்கிறார். நம்ம ஆள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். தலையில் ஈரத்துண்டு. ஒரு கால் பேன்ட்டுக்கு உள்ளே, இன்னொரு கால் வெளியே. போன் அடிக்கிறது. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்றபடி, "கிளம்பிட்டேன்டா, சிக்னல்ல நிக்கிறேன், அஞ்சே நிமிஷம்" என்கிறார். சொல்லி வாய் மூடவில்லை, அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கிறது.

"என்னடா விசில் சத்தம்?"

"போலீஸ்காரர்டா, டிராஃபிக்கைச் சரி பண்றார்."

அடுத்த விசில். அதற்கடுத்த விசில்.

"என்னடா, மூணு விசில் அடிக்கிறார்?"

"மூணு வண்டிக்காரன் தாண்டிட்டான்டா!"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மா, "ஏங்க, மூணு விசில் வந்துருச்சு, அடுப்பை அணைங்க" என்கிறார். இனி என்ன சொல்வார்? போலீஸ்காரரின் மனைவி என்று சொல்வாரா?

பாருங்கள், ஒரு பொய்யில் தொடங்கியது. அதைக் காப்பாற்ற ஒரு சிக்னல் வேண்டியிருந்தது. சிக்னலைக் காப்பாற்ற ஒரு போலீஸ்காரர். போலீஸ்காரரைக் காப்பாற்ற விதியை மீறிய மூன்று வாகன ஓட்டிகள். ஒரு மனிதர் பேன்ட் போட்டு முடிப்பதற்குள் போக்குவரத்துத் துறையையே உருவாக்க வேண்டியதாகிவிட்டது. "இன்னும் கிளம்பலைடா, அரை மணி ஆகும், நீ உள்ளே போய் உட்காரு" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது. காத்திருப்பவரும் கால் கடுக்க நின்றிருக்க மாட்டார். நேர்மை பாரம் என்கிறீர்களே அண்ணே, இந்தக் கதையில் மூட்டை சுமந்தது யார்?

இதோடு முடியவில்லை. நாலு முறை இப்படி நடந்ததும் காத்திருப்பவர் என்ன செய்கிறார்? 'அஞ்சு நிமிஷம்' என்று காதில் விழுந்தால் அரை மணி என்று மனதில் போட்டுக்கொள்கிறார். அவரும் அரை மணி தாமதமாகக் கிளம்புகிறார். கிளம்பாமலே 'வந்துட்டேன்' என்று சொல்லவும் தொடங்குகிறார். கடைசியில் நம்ம ஆள் ஒருநாள் உண்மையாகவே நெரிசலில் மாட்டிக்கொண்டு, உண்மையாகவே சிக்னலில் நின்று, உண்மையைச் சொல்கிறார். எதிர்முனையில் என்ன பதில் வருகிறது தெரியுமா? "அதெல்லாம் வேண்டாம், லொகேஷன் அனுப்பு."

லொகேஷன் அனுப்புவது என்றால் சும்மாவா? போன் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட குறைந்தது நாலு செயற்கைக்கோள்களின் சிக்னல் வேண்டும். அந்தச் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒரு மனிதன் வாயால் சொன்ன ஐந்து நிமிடத்தை நம்புவதற்கு ஆகாயத்திலிருந்து நாலு சாட்சிகள் இறங்கி வர வேண்டியிருக்கிறது! சின்னப் பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று எதிரணியில் கேட்டார்கள். இதுதான் நஷ்டம். பொய் சொன்ன அன்று ஒன்றும் ஆகவில்லை. உண்மை சொன்ன அன்று அது செல்லாமல் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். அண்ணன் சொல்கிற சின்னப் பொய்கள் இத்தனை நாள் எப்படிச் செல்லுபடியாகின? கேட்கிறவர் நம்புவதால். அவர் ஏன் நம்புகிறார்? அவரிடம் பேசுகிற பெரும்பாலானவர்கள் பெரும்பாலான நேரம் உண்மையைச் சொல்வதால். நல்ல நோட்டு புழக்கத்தில் இருக்கும் வரைதான் கள்ளநோட்டுக்கு மதிப்பு. ஊரில் எல்லா நோட்டும் கள்ளநோட்டு என்று ஆகிவிட்டால் அதை அச்சடித்தவனுக்கும் லாபமில்லை. ஆகவே அண்ணே, நீங்கள் சாமர்த்தியம் என்று சொல்கிறீர்களே, அதுவும் யாரோ நேர்மையாக இருப்பதை நம்பித்தான் பிழைக்கிறது.

சரி, போன் பொய் கிடக்கட்டும். காசு என்று வந்தால்? "யாரும் பார்க்காத இடத்தில் பணம் கிடந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கிறவன் கதையில்தான் இருப்பான்" என்று எதிரணித் தங்கை சொன்னார். இதை ஊகத்தில் பேச வேண்டியதில்லை. 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளிவந்தது. நம் நாடும் அந்த 40-இல் உண்டு. வங்கி, ஓட்டல், அஞ்சல் நிலையம் மாதிரியான இடங்களுக்கு ஒருவர் போவார். வரவேற்பு மேஜையில் இருப்பவரிடம், "இது வெளியே கிடந்தது, எனக்கு அவசரம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பர்ஸைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பர்ஸுக்குள் ஒரு சாவி, உரியவரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கிற அட்டை. சிலவற்றில் பணம் கிடையாது, சிலவற்றில் உண்டு. உரியவருக்குத் தகவல் வருகிறதா என்று காத்திருந்தார்கள்.

எதில் அதிகம் தகவல் வந்திருக்கும்? அண்ணனைக் கேட்டால், காசில்லாத பர்ஸ்தான் திரும்பும் என்பார். பணம் இருந்தால் அதிகம் திரும்பும் என்று பொருளாதார நிபுணர்களிலும் பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. நடந்தது தலைகீழ். பணமில்லாத பர்ஸுக்கு 100-க்கு 40 பேர் தகவல் கொடுத்தார்கள். பணம் இருந்த பர்ஸுக்கு 100-க்கு 51 பேர். 40 நாடுகளில் 38-இல் இதே போக்கு. அமெரிக்கா, பிரிட்டன், போலந்து மூன்றிலும் தொகையை ஏழு மடங்காக்கிப் பார்த்தார்கள். 100-க்கு 72 பேர் தகவல் கொடுத்தார்கள்! பணம் கூடக்கூட நேர்மையும் கூடுகிறது. ஏன்? பிறத்தியார் பணத்தை வைத்துக்கொண்டால் தன் கண்ணுக்கே தான் திருடனாகத் தெரிவோம் என்ற கூச்சம் ஒன்று. தொலைத்தவர் தவிப்பார் என்ற எண்ணம் இன்னொன்று. சாவி வைக்காமலும் சில பர்ஸ்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாவி இருந்த பர்ஸுக்குத்தான் அதிகம் தகவல் வந்தது. அந்தச் சாவி எடுத்தவருக்கு எதற்கு உதவும்? தொலைத்தவருக்குத்தான் அது வேண்டும். கதையில் மட்டும் இருப்பான் என்றீர்களே தங்கச்சி, அந்த மனிதன் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறான்.

அப்புறம் அந்தத் தங்கையே இன்னொரு சவாலும் விட்டார். "நேர்மையாக இருந்து ஜெயித்த ஒருத்தரைக் காட்டுங்கள்" என்றார். காட்டப் போவதில்லை. நேர்மையாக இருந்து தோற்ற ஒருவரைக் காட்டப் போகிறேன். ஆமாம், நம் கட்சிக்கு ஆகாத கதையையே எடுக்கிறேன். மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

1980 பிப்ரவரி. மும்பை வான்கடே மைதானம். இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். எதிரில் இங்கிலாந்து. நம் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத். நாம் முதலில் ஆடி 242. அடுத்து இங்கிலாந்து ஆட வருகிறது, 58 ஓட்டத்துக்கு 5 விக்கெட் காலி! அரங்கம் எப்படி இருந்திருக்கும்? ஒரு பக்கம் போத்தம் நிற்கிறார். இன்னொரு பக்கம் விக்கெட் கீப்பர் பாப் டெய்லர். இவர் யார் தெரியுமா? நம் முதல் இன்னிங்ஸில் ஏழு பேரைக் கேட்ச் பிடித்து வெளியே அனுப்பியவர். ஏழு பேரை! அப்படிப்பட்ட ஆளை நம்மவர்கள் எப்படி விட்டுவைப்பார்கள்?

பந்து போகிறது. மட்டையைத் தாண்டி கீப்பர் கைக்குப் போகிறது. ஒரு சத்தம். நம் ஆட்கள் துள்ளிக் குதித்து முறையிடுகிறார்கள். அங்கேயும் ஒரு நடுவர் இருந்தார், நடுவர் அவர்களே. விரலைத் தூக்கிவிட்டார். அவுட். டெய்லர் தயங்கித் தயங்கி நிற்கிறார், தான் அடிக்கவே இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் என்ன செய்ய முடியும்? அப்பீல் உண்டா, ரீப்ளே உண்டா? மூன்றாவது நடுவர் என்ற ஏற்பாடே 1992-இல்தான் வந்தது. தூக்கிய விரல் தூக்கியதுதான்.

அப்போது ஸ்லிப்பில், அதாவது கீப்பருக்குப் பக்கத்தில், நின்ற ஒருவர் நடந்து வருகிறார். ஆளோ குள்ளம். நடையோ நிதானம். விஸ்வநாத். நேராக அம்பயரிடம் போகிறார். பந்து மட்டையில் படவில்லை, இவரை ஆட விடுங்கள் என்கிறார். தன் பந்துவீச்சாளர் எடுத்த விக்கெட்டை, நடுவர் கொடுத்த விக்கெட்டை, ஒரு கேப்டன் தானாகத் திருப்பிக் கொடுக்கிறார். டெய்லர் திரும்பி வந்து மட்டையை ஊன்றுகிறார்.

அப்புறம்? எதிரணி சிரிக்கட்டும், சொல்கிறேன். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டம் எடுத்தார்கள். போத்தம் 114. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து நம் ஆட்களில் 13 பேரை வேறு அவரே வீழ்த்தினார். இங்கிலாந்து 10 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. விஸ்வநாத் கேப்டனாக இருந்தது மொத்தமே இரண்டு டெஸ்ட். அதில் இது இரண்டாவது. அதற்குப் பிறகு அந்தப் பதவி அவருக்கு வரவில்லை.

போதுமா தங்கச்சி? இதைவிட மோசமாக நேர்மை தோற்ற கதை உங்களிடமும் இருக்காது.

இப்போது இதே கதையை இன்னொரு தடவை, மெதுவாக, என்னோடு பாருங்கள். நடுவர் விரலைத் தூக்கியதற்கும் விஸ்வநாத் காலை எடுத்து வைத்ததற்கும் நடுவே சில விநாடிகள் இருந்தன அல்லவா, அங்கே நிறுத்துங்கள். அந்தச் சில விநாடிக்குள் அவர் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவர் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பது. அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு ஸ்லிப்பில் நின்றிருந்தால் போதும். உலகத்தில் ஒருத்தரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மனதுக்குள் சொல்லிக்கொள்ள எத்தனை காரணம் இருந்தது! 'தீர்ப்புச் சொன்னது நானில்லை, அம்பயர்.' 'போன மேட்சில் எங்களுக்கும் இப்படித்தான் தப்பாகக் கொடுத்தார்கள்.' 'இது என் சொந்த விஷயமா, நாட்டு விஷயம்.' 'பொன்விழா ஆட்டம், இத்தனை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள்.' ஒன்றுகூட முட்டாள்தனமான காரணம் இல்லை.

இந்தக் காரணங்களை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா? அன்றாட வாழ்வில் பொய் சொல்லச் சொல்லி யாரும் நம் கழுத்தில் கத்தி வைப்பதில்லை. பேசாமல் இரு, உனக்கென்ன என்றுதான் உள்ளிருந்து ஒரு குரல் வரும். ஆசிரியர் கூட்டலில் தவறி பத்து மதிப்பெண் கூடப் போட்டுவிட்டார். பேசாமல் இரு. மீதிச் சில்லறை அதிகம் வந்துவிட்டது. எண்ணாதது மாதிரி நடந்து போ. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் செய்த வேலைக்கு மேலதிகாரி உன்னைப் பாராட்டுகிறார். பணிவாகத் தலையை ஆட்டு. உன் தப்புக்கு இன்னொருத்தர் திட்டு வாங்குகிறார். கணினித் திரையையே பார். இதில் எங்கேயாவது ஒரு பொய்யான வாக்கியம் உண்டா? கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்து மேஜைக்காரர் அன்று இரவு தூங்கியிருப்பாரா?

அதனால்தான் அந்தக் குள்ள மனிதரின் நடையை நான் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஸ்லிப்பிலிருந்து அம்பயர்வரை எத்தனை அடி இருக்கும்? கூப்பிடு தூரம். தினமும் நம் முன்னால் கிடப்பதும் அதே தூரம்தான். அதை நடந்து கடந்தவர் ஆட்டத்தில் தோற்றார். எனக்கு வேண்டிய ஆள் அவர்தான். அவர் மாதிரி ஒருவர் என் அலுவலகத்தில் இருந்தால் நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நிம்மதியாக வேலை பார்ப்பேன். அவர் என் பக்கத்து வீட்டில் இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவேன். எதிரணியினரே, உங்களையும் கேட்கிறேன். உங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சாமர்த்தியமாகப் பொய் சொல்கிறவனைத் தேடுவீர்களா, இந்த மனிதரைத் தேடுவீர்களா? உங்கள் பணத்தைக் கொடுத்து வைக்க யாரிடம் போவீர்கள்? நேர்மை பாரம் என்று மேடையில் பேசுகிறவர்களும் தங்களுக்கு வேண்டியவர்களைப் பொறுக்கும்போது அந்தப் பாரத்தைச் சுமக்கிறவர்களைத்தான் பொறுக்குகிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. கேட்டது. ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன், அதைச் சொல்லாமல் இறங்க முடியாது.

எதிரணித் தலைவர் வள்ளுவரையே துணைக்கு அழைத்தார். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வள்ளுவரே அனுமதி கொடுத்துவிட்டார் என்றார். ஐயா, அது வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறள். ஏன் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டீர்கள்? மூன்றாவது குறளில், தன் நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே தன்னைச் சுடும் என்கிறார். முந்தைய குறளில் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டவர், அடுத்த குறளில் வாசலிலேயே காவலுக்கு ஆள் போட்டுவிட்டார். குற்றமில்லாத நன்மை என்பது சாதாரண நிபந்தனையா? அந்த நன்மை யாருக்கு, அதில் குற்றமில்லை என்று யார் சொல்வது? பொய் சொல்கிறவரே சொல்லிக்கொள்வதா?

இதற்கு எதிரணித் தலைவர் காட்டிய எடுத்துக்காட்டு நோயாளி. தீராத நோய் வந்தவரிடம் உண்மையைச் சொல்லி மனதை உடைப்பதா, 'ஒன்றுமில்லை, சரியாகிவிடும்' என்று தேற்றுவதா என்றார். உருக்கமாகத்தான் சொன்னார். மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவில் 1961-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவோம் என்று 90 சதவீத மருத்துவர்கள் சொன்னார்கள். அதே கேள்விகளை வேறொரு மருத்துவமனையில் கேட்டு 1979-இல் வெளிவந்த ஆய்வில், சொல்லிவிடுவோம் என்றவர்கள் 97 சதவீதம். 18 ஆண்டுகளில் அந்தத் தொழிலே அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. மருந்தும் சிகிச்சையும் வளர்ந்தன. தனக்கு என்ன என்று தெரிந்தால்தானே நோயாளி எதையும் தேர்ந்தெடுக்க முடியும்?

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தச் சதவீதம் இல்லை. என் பெரியப்பா.

பெரியப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். முற்றிய நிலையில்தான் தெரிந்தது. வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி அவரிடம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். வெறும் வயிற்றுப்புண் என்று சொல்லியாயிற்று. மாத்திரை உறைகளை மாற்றினார்கள். ரிப்போர்ட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தார்கள். யார் பார்க்க வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, 'அழாம பேசுங்க' என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புவார்கள். எல்லாம் அன்பினால்தான். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? பெரியப்பாவோடு யாராலும் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கண் கலங்கும், கலங்கினால் தெரிந்துவிடும். அதனால் எழுந்து போய்விடுவார்கள். பொய்யைக் காப்பாற்றுவதற்காக மனிதரைத் தனியாக விட்டுவிட்டார்கள்.

அவருடைய பேத்திக்கு அப்போது ஆறு வயது. அவளிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை, குழந்தைதானே என்று. ஒருநாள் கட்டிலில் அவர் பக்கத்தில் படுத்திருந்தவளைப் பெரியப்பா கேட்டார்.

"கண்ணு, தாத்தாவுக்கு என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. நீங்க சாமிகிட்ட போகப் போறீங்களாம். பாட்டி அடுப்படியில நின்னு அழுதாங்க. நீங்க போயிடுவீங்களா தாத்தா?"

அடுத்த அறையிலிருந்து ஓடி வந்த பெரியம்மா குழந்தையின் வாயைப் பொத்தப் போனார். பெரியப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு. இந்த வீட்டுல இவ ஒருத்திதான் எங்கிட்ட பேசுறா" என்றார். "எனக்கு ஒரு மாசமா தெரியும். நான் தெரியாத மாதிரி படுத்திருக்கேன், நீங்க தெரியாத மாதிரி நிக்கிறீங்க. எனக்கு வலியைவிட இந்த நடிப்புதான் தாங்கலை."

அன்றைக்குத்தான் பெரியம்மா அவர் எதிரிலேயே அழுதார். இருவரும் பேசினார்கள். பத்திரம் எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், மகனுக்கு என்ன சொல்ல வேண்டும், கல்யாணமான புதிதில் போட்ட சண்டை, எல்லாம் பேசினார்கள். அன்று ராத்திரி பெரியப்பா ஒன்று கேட்டார். "தம்பியை வரச் சொல்லுங்க."

அந்தத் தம்பி என் அப்பா. சொத்துத் தகராறில் அண்ணனும் தம்பியும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வயிற்றுப்புண் என்றுதான் எங்கள் வீட்டுக்கும் தகவல் வந்திருந்தது. வயிற்றுப்புண்ணுக்காக யார் ரோஷத்தை விட்டுவிட்டுப் போவார்கள்? உண்மை தெரிந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றவில்லை, அப்படியே ஓடினார். நானும் கூடப் போனேன். என் அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனுடைய காலைப் பிடித்துக்கொண்டார். "நிலம் கிடக்குடா, நீ சாப்பிட்டியா" என்று கேட்டார் பெரியப்பா. அதற்குப் பிறகு அவர் இருந்தது சில வாரம்தான். அத்தனை நாளும் அப்பா அங்கேயேதான் இருந்தார். மருந்து கொடுத்தது அப்பா, தோளில் சாய்த்து உட்கார வைத்தது அப்பா, சின்ன வயதில் இரண்டு பேரும் கிணற்றில் குதித்த கதையை நூறு தடவை சொல்லிச் சிரிக்க வைத்ததும் அப்பாதான்.

அந்தக் குழந்தை மட்டும் வாயைத் திறந்திருக்காவிட்டால், என் அப்பா அந்த வாசலுக்கு மாலையோடுதான் போயிருப்பார்.

எனக்குப் பிறகு பேச வருகிறார் எதிரணியின் கடைசிப் பேச்சாளர். அண்ணே, உங்கள் வாதங்கள் எல்லாவற்றையும் சொல்லுங்கள், நான் குறுக்கே பேச மாட்டேன். எனக்கு ஒரே ஒரு பதில் மட்டும் வேண்டும். அந்தக் கட்டிலில் அந்தக் குழந்தைக்குப் பதிலாக நீங்கள் படுத்திருந்து, என் பெரியப்பா உங்கள் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வணக்கம்.